உதறாத கிடாய்

குன்னத்தூர்
13-8-2024

அண்ணாவுக்கு சுப்பாத்தாள் எழுதுவது.

சௌக்கியமா என்று கேட்டுத்தான் கடிதம் ஆரம்பிக்க வேண்டும். கேட்க எனக்கு மனசு வரவில்லை. போனில் பேசலாம் என்றால் என் காது செத்துப்போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. மோகன்ராஜிடம் சொல்லிவிட்டால் அவன் பாதியை முழுங்கிவிட்டு மாமனுக்கு நோகாத மாதிரி பேசுவான். நோகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கருப்பராயன் கோயிலில், என் வீட்டுக்காரரின் பங்காளிகள் அத்தனை பேர் முன்னால் நான் நின்ற நிலையைப் பார்த்தீர்களா? தாய்மாமன் கொண்டுவந்த கிடாய். தாய்மாமன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். நீங்கள் நின்றது டெம்போவுக்குப் பின்னால்.

மோகன்ராஜ் பெருமாநல்லூர் ரோட்டில் வண்டியோடு கவிழ்ந்து, மூச்சு மட்டும் ஓடிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேண்டிக்கொண்டது இது. பையன் எழுந்து நடந்தால் அவன் மாமன் வளர்த்த கிடாயை உனக்கு வெட்டுகிறேன் கருப்பா என்றேன். பையன் நடந்துவிட்டான். கால் இழுக்கிறது, ஆனாலும் நடக்கிறான். கருப்பன் தன் சொல்லைக் காப்பாற்றிவிட்டான். நாம்தான் காப்பாற்றவில்லை.

தண்ணீர் விட்டால் உதறாத ஆடு உலகத்தில் உண்டா அண்ணா? பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தலையிலிருந்து வால் வரைக்கும் ஊற்றினார். உடம்பை உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது, உதறாவிட்டால் வேண்டாம் என்கிறது. நாம் பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம். நம் கிடாய் கல்லில் செய்தது போல நின்றது. மறுபடி ஊற்றினார். காதில் ஊதினார்கள். சொட்டச் சொட்ட நின்றுகொண்டு டெம்போ பக்கமே பார்த்தது. கயிற்றை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகப் பார்த்தது. குடம் தீர்ந்ததே தவிர அது உதறவில்லை.

என் கொழுந்தன் செங்கோட்டையன் வாயைக் கோணிக்கொண்டு என்னமோ சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காதுதான் கேட்காது, சிரிப்பு கண்ணுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து மோகன்ராஜைப் பிடித்து உலுக்கி, எழுதிக் காட்டச் சொன்னேன். "திருப்பூர்க் கெடாயாட்டிருக்குதுங்க, மொதலாளி கையெழுத்துப் போட்டாத்தான் ஒதறுமாக்கு" என்றாராம்.

பங்காளிகள் முடிவு சொல்லிவிட்டார்கள். கார்த்திகை அமாவாசைக்கு இன்னொரு முறை தண்ணீர் விட்டுக் கேட்பது. அப்போதும் உதறாவிட்டால் அது கோயில் கிடாய், அதன்மேல் கத்தி படாது. மண்ணால் ஒரு கிடாய் செய்து வைத்து வேண்டுதலைத் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் வகையறாவில் இதுவரை யாரும் மண் கிடாய் வைத்ததில்லை. வைத்தால் சாமி வேண்டாம் என்று சொன்ன வீடு என்று பேராகிவிடும். அந்தப் பேரோடு நான் தெருவில் நடக்க வேண்டும்.

அதுவரை கிடாய் இங்கேதான் கட்டிக் கிடக்கும். வந்து பார்க்க வேண்டாம்.

சுப்பாத்தாள்


வேலம்பாளையம்
21-8-2024

தங்கை சுப்பாத்தாளுக்கு அண்ணன் சென்னியப்பன் சொல்லி எழுதுவது.

உன் கடிதத்தைப் பக்கத்து ரூம் கோமளாதான் படித்துக் காட்டினாள். பனியன் கம்பெனியில் செக்கிங்குக்குப் போகிற பிள்ளை. இதையும் அவள்தான் எழுதுகிறாள். நான் வாய்க்கு வந்தபடி சொல்கிறேன், அவள் நாலு பேர் படிக்கிற தமிழில் போட்டுக்கொள்கிறாள். அதனால் இதில் மரியாதையாக ஏதாவது இருந்தால் அது கோமளாவுடையது.

அன்றைக்கு எனக்கு வயிறு சரியில்லை அம்மிணி. காலையில் டெம்போவில் வந்தது ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் நிழலாக இருக்கட்டும் என்று அந்தப் பக்கம் நின்றேன்.

கிடாய் நல்ல கிடாய்தான். நோய் கிடையாது, ஊனம் கிடையாது. பல் பார், நாலும் பழுதில்லை. செங்கோட்டையன் பேசியதை நீ மனசில் வைக்காதே. நம் அப்பன் செத்த வீட்டிலேயே பந்தியில் உப்பில்லை என்று சொன்ன ஆள் அவர். அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டை கூட ஞாபகம் இருக்கிறது, ஊதாவில் வெள்ளைக் கோடு. எழுதத் தெரிந்தவர்கள் எதையும் எழுதி வைத்துவிட்டு மறந்துவிடலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

அதற்குக் கருவேலங்காய் வைக்கிறாயா? ஊறவைத்த பருத்திக்கொட்டை அதிகம் வைக்காதே, வயிறு உப்பும். பிளாஸ்டிக் பை கண்ணில் படாமல் பார்த்துக்கொள். நான் வேலை செய்கிற பனியன் வேஸ்ட் குடோனில் வளர்ந்தது, எதையும் வாயில் வைத்துப் பார்க்கும். துணி என்றால் உயிர். கலர் துணியை மட்டும் தின்ன விடாதே.

"மாப்ளே" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். உன் மகனுக்காக வளர்ந்தது, அதனால் உன் மகனைக் கூப்பிடுகிற முறையிலேயே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். லைன் வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். "மாப்பிள்ளைக்குப் பொண்ணு பாத்தாச்சுங்களா?" என்று கோமளாவே கேட்பாள்.

உனக்குத் தெரியும், உன் அண்ணி மயிலாள் போனபிறகு நான் யாரோடும் பேசவில்லை. நீ வந்து தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாய். அப்போதும் பேசவில்லை. சோறு வைத்தால் ஈ மொய்க்கும். வேண்டுமென்று செய்ததில்லை அம்மிணி, வாய்க்குள் வார்த்தை வந்து நிற்கும், யாருக்கு என்று தெரியாமல் திரும்பிவிடும். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, நீ மாம்பழக் கலர் சேலையில், இடுப்பில் பிள்ளை வைத்திருக்கிற மாதிரி இந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் விட்டாய். "மோகன்ராஜுக்கு வேண்டியிருக்கறனுங்ணா, நீங்கதான் வளத்தோணும்" என்றாய். நீ பஸ் ஏறிப் போனதும் அது கத்தியது. கத்தினால் ஏதாவது சொல்லத்தானே வேண்டும். "இருடா மாப்ளே, தழை ஒடிச்சுட்டு வர்றேன்" என்றேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் குரலை நானே கேட்டது அப்போதுதான்.

இதை எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ வரவேண்டாம் என்று சொன்னதால் வரவில்லை.

சென்னியப்பன்

(இது கோமளா எழுதுவது. கும்பிடுறேனுங்க அத்தை. பெரியப்பா வேறு என்னமோ சொல்ல வருகிறார். வயிறு சரியில்லை என்று சொல்லும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விட்டு வருகிறார். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாங்க.)


குன்னத்தூர்
9-9-2024

அண்ணாவுக்கு,

மோகன்ராஜ் காய்ச்சலில் படுத்திருக்கிறான். விட்டு விட்டு வருகிறது. டாக்டர் மழைக்காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார். நேற்று விட்டிருந்தது, இன்றைக்கு மறுபடி அனலாகக் கொதிக்கிறது. ஒடிந்த கால் வீங்கியிருக்கிறது.

டாக்டர் சொல்வது என் மண்டைக்குள் போகவில்லை. எனக்கு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. கருப்பன் கிடாயை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கிடாய் வேண்டாம் என்றால் யார் வேண்டும் என்கிறான்?

என்னால் சாப்பிட முடியவில்லை. பையனுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துகொள்கிறேன். வாசலில் அந்தக் கிடாய் நின்று என்னையே பார்க்கிறது. ஆட்டுக்குள்ளிருந்து யாரோ பார்க்கிற மாதிரி. கத்துகிறதா இல்லையா என்றும் எனக்குத் தெரியாது. வாய் அசைகிறது.

அதோடு ஒரு கட்டு வெள்ளைக் கட்டிங் துணி அனுப்பியிருந்தீர்களே, எதற்கு? படுக்கப் போடவா? நான் அடுப்படிக்குக் கரித்துணியாக எடுத்துக்கொண்டேன். அந்தத் துணியோடு வெளியே வந்தால் போதும், கயிறு எட்டுகிற வரைக்கும் ஓடிவந்து தலையைக் குனிந்து நிற்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அண்ணா, நீங்கள் ஆட்டோடு பிறந்து ஆட்டோடு வளர்ந்தவர். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது நீங்கள் காட்டில் இருந்தீர்கள். உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். சாமிக்கு என்னிடம் என்ன கோபம்? நான் வேண்டியதில் ஏதாவது குறை இருந்ததா? எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். தெரியாமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது.

சுப்பாத்தாள்


வேலம்பாளையம்
13-9-2024

அம்மிணி,

உன் கடிதம் மத்தியானம் வந்தது. கோமளா ஷிப்டு முடிந்து வந்து படித்தாள். உடனே எழுது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை இன்னும் காப்பி கூடக் குடிக்கவில்லை.

சாமிக்கு உன்மேல் கோபம் இல்லை. கருப்பராயன் வாயையே திறக்கவில்லை. கிடாய் உதறாததற்குக் காரணம் நான்.

கேள். நான் இருப்பது ஒண்டு லைன் வீடு. இரண்டு வரிசை ரூம், நடுவில் ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு சந்து. அந்தச் சந்து முழுக்கக் கொடி கட்டித் துணி காயும். கிடாய் பகலெல்லாம் என்னோடு குடோனில் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவில் கிடக்கும். சாயங்காலம் வரும்போது பஞ்சும் நூலும் சாயமுமாக, கோயில் விசேஷத்துக்கு ஜோடித்தது போல வரும். ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் பச்சை. வீட்டுக்காரம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள்: "நாத்தம் வந்துச்சுன்னா ஆட்டையும் உங்களையும் ஒண்ணாத்தான் வெளிய அனுப்புவேனுங்க." அதனால் தினமும் குழாயடியில் குளிப்பாட்டினேன்.

குட்டி முதல் நாள் உதறியது அம்மிணி. எல்லா ஆட்டையும் போலத்தான் உதறியது. கொடியில் கிடந்த கோமளா சுடிதார் மேல் சாயத் தண்ணீர் தெறித்தது. எதிர் ரூம் ஒடிசாக்காரப் பையன்கள் சட்டை மேல் தெறித்தது. சந்து முழுக்கச் சத்தம். மறுநாளிலிருந்து தண்ணீர் ஊற்றியதும் அதன் இரண்டு காதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். காதைப் பிடித்தால் ஆடு உதறாது. அப்படியே குடோனிலிருந்து எடுத்துவந்த வெள்ளைக் கட்டிங்கால் துடைத்துவிடுவேன். கலர் துணி ஈரத்தில் சாயம் விடும், வெள்ளைதான் நல்லது. முதலில் முகம், அப்புறம் கழுத்து, முதுகு, கடைசியில் காதுக்குள்.

கொஞ்ச நாளில் காதைப் பிடிக்க வேண்டியே இருக்கவில்லை. தண்ணீர் பட்டதும் அதுவே தலையைக் குனிந்து நிற்கும். துணி வரும் என்று அதற்குத் தெரியும். துடைத்து முடிகிறவரை என் வயிற்றில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கும். எனக்கும் அந்த நேரம்தான் நாளில் நல்ல நேரம். மயிலாள் போனதிலிருந்து என்னை யாரும் தொட்டதில்லை. எழுபது வயசுக் கிழவனை யார் தொடப் போகிறார்கள்?

கோயிலில் பூசாரி தண்ணீர் ஊற்றிய உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அது உதறாது. துணிக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. என்னைத் தேடுகிறது. அப்போது நான் டெம்போவுக்குப் பின்னால் போகவில்லை அம்மிணி, தண்ணீர் விடுவதற்கு முன்பே போய்விட்டேன். கயிற்றை மோகன்ராஜ் கையில் கொடுத்துவிட்டு, அது வெட்டுப்படுவதைப் பார்க்க முடியாமல் ஒளிந்துகொண்டேன். கறி தின்று வளர்ந்தவன் நான். எத்தனை கிடாயின் காலைப் பிடித்துக்கொடுத்திருக்கிறேன். அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் இந்தக் கிழவன் ஒரு ஆட்டுக்காக அழுதான் என்று ஆகிவிடும் என்று வெட்கப்பட்டு ஒளிந்தேன்.

அப்புறம் அது கயிற்றை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்தது. என் தோளில் துண்டு இருந்தது. அது துண்டைத்தான் பார்த்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? துண்டைத் தோளிலிருந்து எடுத்துச் சுருட்டி அக்குளில் ஒளித்துக்கொண்டேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது. முகத்திலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கண்ணுக்குள் போயிருக்கும். எரிந்திருக்கும்.

பூசாரி, "சாமி உத்தரவு இல்லீங்க" என்றபோது, உள்ளே எனக்குச் சந்தோஷம். நீ அந்த இடத்திலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்தாய். பச்சைச் சேலை மண்ணில் புரண்டது. அதையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சந்தோஷப்பட்டேன். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? நான் பொய் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். உனக்கு எழுதிய கடிதத்தில் வயிறு சரியில்லை என்றேன். நீ இப்படிச் சோறு இறங்காமல் கிடப்பாய் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

இப்போது கேட்டுவிட்டாய், சொல்லிவிட்டேன். மோகன்ராஜ் காய்ச்சலுக்கும் கருப்பனுக்கும் சம்பந்தம் இல்லை. மாத்திரையைக் கொடு. நீ சாப்பிடு.

கிடாயைக் கொஞ்ச நாள் தண்ணீர் ஊற்றித் துடைக்காமல் விட்டால் தானே உதறப் பழகிவிடும். எந்த ஆடும் பழகிவிடும். கார்த்திகைக்குள் பழகிவிடும்.

இதைச் சொல்லும்போது கோமளா எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதையும் எழுதோணுங்களா பெரியப்பா?" என்று கேட்டாள். எழுதச் சொன்னேன்.

சென்னியப்பன்


குன்னத்தூர்
20-9-2024

அண்ணாவுக்கு,

படித்தேன். இரண்டாவது தடவை படிக்க முடியாமல் மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தேன்.

நான் பொய் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. எவ்வளவு சௌகரியமான பேச்சு! உங்கள் ஆட்டுக்கு எரிந்த கண் உங்களுக்குத் தெரிந்தது. கூடப்பிறந்தவளுக்கு எரிந்தது தெரியவில்லை. ஒரு மாதம் நான் என் மகனைப் பார்க்கும்போதெல்லாம் பாடையைப் பார்த்தேன். ஒரு மாதம் அண்ணா! நீங்கள் அங்கே கருவேலங்காய் வைத்தாயா, பருத்திக்கொட்டை வைத்தாயா என்று விசாரித்துக்கொண்டிருந்தீர்கள்.

சாமி காரியத்தில் விளையாடியிருக்கிறீர்கள். தெரிந்து செய்யவில்லை என்பது முதல் பாதிக்குத்தான் சரி.

மோகன்ராஜுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் உங்களைப் போல ஆகிவிடுவேன் என்பதால் சொல்கிறேன். நேற்று நானும் சாப்பிட்டேன்.

இன்றையிலிருந்து தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். துடைக்கப்போவதில்லை. நிற்கட்டும். குளிரட்டும். பழகட்டும். அமாவாசையன்றைக்கு ஊர் முன்னால் உதறட்டும். கருப்பனுக்குக் கொடுத்த வார்த்தையை நான் காப்பாற்றிக்கொள்கிறேன்.

நீங்கள் தாய்மாமன். அன்றைக்கு வரவேண்டியது முறை. வருகிறீர்களா இல்லையா என்பதை உங்கள் மனசாட்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுப்பாத்தாள்


வேலம்பாளையம்
27-10-2024

அம்மிணிக்கு,

பதில் எழுத இத்தனை நாள் எனக்கு வாய் வரவில்லை. நீ சொன்னது எல்லாம் சரி. ஒன்றுக்கும் மறுப்பு இல்லை.

தீபாவளி வருகிறது என்று எல்லாக் கம்பெனியும் ராத்திரி பகலாக ஓடுகிறது. குடோனில் வேஸ்ட் மலை மாதிரி குவிந்துவிட்டது. நான் நிறம் பிரித்துக்கொண்டே இருக்கிறேன். முன்பெல்லாம் பிரிக்கும்போது வாய் சும்மா இருக்காது. "இது மருதாணிப் பச்சை மாப்ளே, இது போன வருசம் வந்த பச்சை இல்ல" என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். இப்போது திரும்பவும் வார்த்தை உள்ளே போய் நிற்க ஆரம்பித்திருக்கிறது. அது என் தலையெழுத்து, உன்னிடம் புலம்பவில்லை. கோமளா விடுவதில்லை. சோற்றைப் போட்டுவிட்டு, "சாம்பார்ல உப்பு எப்பிடிங்க?" என்று கேட்டுவிட்டு பதில் சொல்கிற வரைக்கும் வாசற்படியை விட்டு நகர்வதில்லை.

அமாவாசைக்கு நான் வரவில்லை. கோபித்துக்கொண்டு அல்ல. நான் வந்தால் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் அது கண்டுபிடித்துவிடும். என்னைப் பார்த்தால் துணிக்காக நிற்கும். சாமி கேட்பதற்கு நடுவில் நான் நிற்கக் கூடாது. ஒரு தடவை நின்றது போதும். சீர்த்தட்டும் வேட்டியும் கோமளா வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன். மாமன் ஏன் வரவில்லை என்று செங்கோட்டையன் கேட்டால், காலில் வாதம் என்று சொல்லாதே. வெட்கம் என்று சொல்.

அதை விட்டுவிடு என்று நான் கேட்க மாட்டேன். கேட்கிற தகுதியை நான்தான் அக்குளில் சுருட்டி வைத்துக்கொண்டேனே.

ஒன்று மட்டும். கடைசியில் அது உதறினால், எனக்கு எழுதாதே. எழுதினால் கோமளா படிக்க வேண்டும். அந்தப் பிள்ளை தீனி வைத்த கை.

சென்னியப்பன்


குன்னத்தூர்
3-12-2024

அண்ணாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். இதைக் கோமளாவே படிக்கட்டும், பயப்படாமல் படி கண்ணு.

சொன்னபடி தினமும் தண்ணீர் ஊற்றினேன். துடைக்கவில்லை. அது தலையைக் குனிந்து நிற்கும். நான் குடத்தைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விடுவேன். ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். வெயில் வந்து காய வைக்கிற வரைக்கும் அப்படியே நிற்கும். பிடிவாதம், அண்ணனைப் போல என்று நினைத்துக்கொள்வேன். ஐப்பசி முழுக்க இப்படியே போனது. நாளாக ஆக எனக்குப் பயம் வந்தது. உதறாதோ என்ற பயமா, உதறிவிடுமோ என்ற பயமா என்று எனக்கே பிடிபடவில்லை.

கார்த்திகை பிறந்து ஒரு நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மோகன்ராஜ் கடைக்குப் போயிருந்தான். கிடாயை அவிழ்த்துத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவரப் போனேன். நடு வாசலில் வைத்து, என் காலோடு ஒட்டி நின்றபடி, அது உதறியது அண்ணா. தலையில் ஆரம்பித்து வால் நுனி வரைக்கும் ஒரே உதறல். தண்ணீர் முழுக்க என் முகத்தில்.

ஜெயித்துவிட்டேன் என்று குதித்திருக்க வேண்டும். அது உதறி முடித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தது. தப்புச் செய்துவிட்ட பிள்ளை பார்க்குமே, அப்படி. அப்புறம் வந்து நெற்றியை என் வயிற்றில் வைத்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அது கத்தினால் எனக்குக் கேட்காது. நடுங்கினால் தெரிகிறது. இத்தனை மாதத்தில் அது சொன்னதில் எனக்கு எட்டிய முதல் பேச்சு அதுதான்.

என் கையில் அடுப்படித் துணி இருந்தது, நீங்கள் அனுப்பியதுதான். துடைத்தேன். முகம், கழுத்து, முதுகு, காதுக்குள். துடைக்கத் துடைக்க என் கையை நானே பார்த்தேன். ஆஸ்பத்திரியில் மோகன்ராஜைத் துடைத்த கை. திரும்பிப் படுக்க முடியாமல் கிடந்தவனை இப்படித்தான் முகம், கழுத்து, முதுகு என்று துடைத்தேன். அப்போது அவன் கண் திறக்கவில்லை. ஆனாலும் துணி பட்டதும் கழுத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பான். உயிர் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அதில்தான், டாக்டர் சொல்லி அல்ல.

உதறாமல் இருக்கப் பழக்கியது நீங்கள். உதறப் பழக்கியது நான். இதில் கருப்பன் எங்கே பேசினான் என்று யோசித்துப் பார்த்தேன். அவன் பேசியது மோகன்ராஜ் தூக்கிக் கொடுத்த அந்தக் கழுத்தில்தான் என்று எனக்குப் பட்டது. தப்பாக இருந்தால் என்னைக் கேட்கட்டும், பையனைக் கேட்க வேண்டாம் என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் குட்டியை உங்கள் மடியில் கொண்டுவந்து விட்டது வேண்டுதலுக்காக மட்டும் அல்ல. கிடாய் எங்கே வேண்டுமானாலும் வளரும். ஒரு உயிர் கத்தினால் நீங்கள் எழுந்திருப்பீர்கள் என்றுதான் கொண்டுவந்தேன். எழுந்துவிட்டீர்கள். உங்களை எழுப்பியதைத்தான் வெட்டுவதற்குக் கொண்டுவரச் சொன்னேன். அதை நினைத்தால் எனக்கு உங்கள் முகத்தில் விழிக்க வெட்கமாக இருக்கிறது. உங்களை டெம்போவுக்குப் பின்னால் நிறுத்தியது நான்தான்.

அன்றையிலிருந்து அமாவாசை வரைக்கும் தினமும் தண்ணீர் ஊற்றினேன். தினமும் துடைத்தேன்.

நேற்று முன்தினம் கோயிலில் பூசாரி மஞ்சள் தண்ணீர் விட்டார். அது தலையைக் குனிந்து நின்றது. மறுபடி விட்டார். அது கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தது. என் தோளில் துணி இருந்தது. நான் ஒளித்துவைக்கவில்லை. அத்தனை பேர் பார்க்கத் துடைத்துவிட்டேன். கண்ணைத்தான் முதலில்.

செங்கோட்டையன் என் முகத்துக்கு நேராக வந்து, எனக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்தி வாயசைத்தார்: "சாமி வேண்டாங்கற ஊடாப் போச்சுங்களே அண்ணி." நான் சொன்னேன்: "ஆமாங்க. போச்சுங்க." பூசாரி கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். குயவரிடம் மண் கிடாய்க்குச் சொல்லியாகிவிட்டது. தை பிறந்ததும் வைக்கிறோம். தாய்மாமன்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும். இந்தத் தடவை முன்னால் நடந்து வாருங்கள். வந்து உங்கள் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மழையில் அது உதறியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மோகன்ராஜுக்கும் தெரியாது. நான் பொய் சொல்லவில்லை அண்ணா. யாரும் கேட்கவில்லை.

வெள்ளைத் துணி தீர்ந்துவிட்டது. வரும்போது ஒரு கட்டு கொண்டுவாருங்கள்.

சுப்பாத்தாள்